மூன்றாவது மாடியும் அவருடைய தொடைகளும்

என் வீடு என் கணவரின் தொடைகளை நம்பி நிற்கிறது என்று சொன்னால் கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். எனக்குப் போன வருடம் முழுக்கச் சிரிப்பே வரவில்லை. புனேயில் கட்கி பஜாருக்குப் பின்னால் இருக்கும் எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. நாங்கள் மூன்றாவது மாடி. அவரால் படி ஏற முடிகிறவரைக்கும் அது எங்கள் வீடு. முடியாமல் போனால் அதை விற்றுவிட்டு, ஹிஞ்சவடியில் மகன் இருக்கும் பதினாலாவது மாடிக்குப் போய் ஓர் அறையில் ஒடுங்க வேண்டும். மகன் நல்லவன். மருமகளும் தங்கமானவள். ஆனால் அவள் அடுப்படியில் உப்பு டப்பா எங்கே இருக்கிறது என்று நான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த வயதில் அது என்னால் ஆகாது.

நான் கல்யாணமாகிப் புனேக்கு வந்தபோது அவர் வெடிமருந்து ஃபேக்டரியில் ஃபிட்டர். ரிட்டயர் ஆகும்வரை சைக்கிளில்தான் வேலைக்குப் போனார். மழையோ குளிரோ, காலை சங்கு ஊதுவதற்கு முன் கேட்டில் நிற்பார். அதனால் அவருக்கு ஒரு நம்பிக்கை. சர்வீஸ் காலத்தில் மிதித்ததெல்லாம் உடம்பில் வரவு வைக்கப்பட்டிருக்கிறது, இனி ஆயுசுக்கும் உட்கார்ந்து சாப்பிடலாம் என்று. பி.எஃப். மாதிரி, பென்ஷன் மாதிரி. ரிட்டயர் ஆன மறுநாள் சைக்கிளைத் துடைத்து மாடிப்படிக்குக் கீழே சாய்த்து வைத்தவர் அதற்கப்புறம் அதைத் தொடவே இல்லை. வாக்கிங் போகலாம் வாருங்கள் என்றால், நான் நடக்க வேண்டியதையெல்லாம் நடந்து முடித்துவிட்டேன் என்பார்.

முட்டி வலிக்கிறது என்று ஆரம்பித்ததும் பிசியோதெரபி செய்யும் ஒரு மராட்டிப் பெண்ணிடம் கூட்டிக்கொண்டு போனேன். சின்னப் பெண்தான். அவர் தொடையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டு ஹிந்தியில் தெளிவாகச் சொன்னாள். முட்டியில் பெரிதாக ஒன்றுமில்லை. முட்டியைத் தாங்க வேண்டிய தொடைச் சதை கரைந்துபோயிருக்கிறது. வயதானால் சதை தானாகக் கரையும், வேலை கொடுத்தால்தான் நிற்கும். நாற்காலியில் உட்கார்ந்து கை ஊன்றாமல் எழுந்திருக்க வேண்டும். படி ஏறி இறங்க வேண்டும். தினமும் செய்ய வேண்டும், விடக் கூடாது.

இதை நானும் கேட்டேன், அவரும் கேட்டார். ஆட்டோவில் ஏறியதும் என்னைப் பார்த்து, "பாத்தியா, முட்டி நல்லா கீதாம்" என்றார். அவர் காதில் விழுந்தது அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டேன். இரண்டு நாள் முனகிக்கொண்டே எழுந்து உட்கார்ந்தார். மூன்றாம் நாள் பார்த்தால் சுலபமாக எழுந்திருக்கிறார். எனக்கு ஒரே ஆச்சரியம். அருகே போய்ப் பார்த்தேன். நாற்காலியின் நாலு காலுக்கும் அடியில் மரக்கட்டை வைத்து, ஆடாமல் இருக்கத் திருகாணி போட்டு முடுக்கியிருந்தார். நாற்காலி உயர்ந்துவிட்டால் எழுந்திருப்பது சுலபம்தானே. தப்பு செய்துவிட்ட முகமே இல்லை. வேலை சுத்தமாக இருக்கிறதா என்று என்னைத் தடவிப் பார்க்கச் சொன்னார்.

அடுத்து கட்டில் உயர்ந்தது. நான் குள்ளம். கட்டில் விளிம்பில் உட்கார்ந்தால் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி என் கால் தரையில் எட்டாமல் தொங்கியது. பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்ள இரும்புக் கம்பி வந்தது. பூஜை அலமாரிகூட ஒரு முழம் மேலே ஏறியது, குனிய வேண்டாமாம். சர்வீஸில் இருந்தபோது ஃபேக்டரி ஆட்கள் குனியாமல் மெஷின் வேலை செய்வதற்கு வழி கண்டுபிடித்துச் சபாஷ் வாங்கியவர். அதே மூளையை இப்போது தன் உடம்பின்மேல் காட்டினார். உடம்பு மெஷின் இல்லை, சும்மா விட்டால் அது தேய்வது அதிகம் என்று கத்திக் கத்தி என் தொண்டைதான் தேய்ந்தது.

இதெல்லாம்கூடப் போகட்டும். மழைக்காலம் தொடங்கியதும் செய்தாரே ஒரு காரியம், அதுதான் என்னை நிஜமாகவே எரிய வைத்தது.

எங்கள் பக்கத்துப் பழைய கட்டடங்களில் பால்கனியிலிருந்து கயிறு கட்டிப் பையை இறக்கிக் காய்கறி வாங்குவது வழக்கம்தான். அவசரத்துக்கு நானும் செய்திருக்கிறேன். இவர் அதற்கு ஒரு கப்பி பொருத்தினார். கயிறு நழுவாமலிருக்க ஒரு பிரேக். பை கீழே போய்ச் சேர்ந்ததும் காய்காரன் ஆட்டுவதற்கு ஒரு மணி. பால், பேப்பர், மருந்து, இஸ்திரித் துணி எல்லாம் கப்பியில் வந்தன. ஒரு சுண்டு சுண்டினால் தேங்காய் மூட்டையே ஏறும். கட்டடத்து ஆட்கள் கூடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். இரண்டாம் மாடி மராட்டி அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டு, வஹினி என்று அண்ணி முறை வைத்துக் கூப்பிட்டு, உங்கள் வீட்டுக்காரருக்கு எவ்வளவு மூளை என்றாள். அடுத்த வாரமே அவள் பால்கனியிலும் ஒரு கப்பி. அதற்கடுத்து இன்னொரு வீட்டில். யார் வந்து கேட்டாலும் இவர் மாட்டேன் என்று சொல்லவில்லை. மழை முடிவதற்குள் எங்கள் பக்கத்தில் இருந்த ரிட்டயரான ஆண்கள் ஒருவரும் படி இறங்குவதில்லை. அத்தனை பேரின் தொடையையும் ஒரே ஆள் கரைத்துவிட்டார்.

நான் சண்டை போட்டேன். "சாமான் மேல வந்துட்டா சரி, நான் இன்னாத்துக்கு கீழ போவணும்?" என்று கேட்டார். கயிறு இழுப்பதும் உடற்பயிற்சிதானாம். பிரேக் போட்ட கப்பியில் என்ன பயிற்சி இருக்கிறதோ, கடவுளுக்குத்தான் வெளிச்சம்.

கணபதி பண்டிகைக்கு மகன் வந்தான். பந்தல் வரைக்கும் வாருங்கள் என்று அப்பாவைக் கூப்பிட்டான். முட்டியைத் தடவிக்கொண்டு, இங்கிருந்தே தெரிகிறது என்று பால்கனியிலிருந்து சாமி கும்பிட்டார் இவர். கிளம்பும்போது மகன் என்னைத் தனியாக அடுப்படியில் நிறுத்தி வைத்துச் சொன்னான். அப்பாவுக்குத் திடீரென்று ஏதாவது ஆகிவிட்டால் எப்படிக் கீழே கொண்டுபோவது, ஆம்புலன்ஸ் வந்தாலும் ஸ்ட்ரெச்சர் இந்தப் படியில் திரும்பாது என்றான். பொங்கல் வரை பார்க்கலாம், அதற்குள் அப்பா படி ஏறி இறங்கினால் சரி, இல்லாவிட்டால் வீட்டைக் கொடுத்துவிடலாம் என்றான். அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். தப்பாகப் பேசியிருந்தால் திட்டி அனுப்பியிருப்பேன்.

இவரிடம் சொன்னேன். பொங்கலுக்கு நாள் இருக்கிறது என்றார். அப்புறம் நவராத்திரி வந்தது, போனது. அவர் உயர்ந்த நாற்காலியில் உட்கார்ந்து டி.வி.யில் மற்றவர்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில்தான் அவருடைய சிநேகிதர் போய்ச் சேர்ந்தார். அடுத்த சந்தில் கீழ்வீடு. இருவரும் ஃபேக்டரியில் ஒரே ஷாப்பில் வேலை பார்த்தவர்கள். ஆற்காட்டுப் பக்கம் இரண்டு பேருக்கும் பக்கத்துப் பக்கத்து ஊர். சேதி வந்ததும் இவர் சட்டையை மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்தபடி பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினார். மழை தொடங்கிய பிறகு அன்றைக்குத்தான் தெருவை மிதித்தார். சுடுகாடு வரைக்கும் போய்விட்டார்.

துக்க வீட்டுக்குப் போய் வந்தால் தலை முழுகாமல் எதையும் தொடக் கூடாது. அதனால் வாளியில் வெந்நீர் விளாவி வைத்துக் கதவைத் திறந்து போட்டுக் காத்திருந்தேன். வெந்நீர் ஆறியது. ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தேன். முதல் மாடித் திருப்பத்தில், படியில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து நின்ற கால், இனி ஏற மாட்டேன் என்று விட்டுவிட்டது. நான் இறங்கி ஓடினேன். என்னால் அவரைத் தூக்க முடியுமா. அதற்குள் சத்தம் கேட்டுக் கட்டடத்து ஆண்கள் கூடிவிட்டார்கள். யாரோ ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தார்கள். துக்கத்துக்குப் போய் வந்தவன், தீட்டு, தொடாதீர்கள் என்று இவர் சொல்லிப் பார்த்தார். அவர்கள் கேட்கவில்லை. நல்ல மனுஷர்கள். அவரை அதில் உட்கார வைத்து, நாற்காலியின் காலை ஆளுக்கு ஒன்றாகப் பிடித்து, உசலா உசலா, தூக்கு தூக்கு என்று மராட்டியில் குரல் கொடுத்து நாலு பேர் அவரைத் தூக்கிக்கொண்டு படி ஏறினார்கள். வழியெல்லாம் கதவைத் திறந்து பெண்கள் நின்றார்கள். இவர் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தார். நான் காப்பி கொடுத்தேன். பேசாமல் இருந்திருக்கலாம். முடியவில்லை. பயம் எனக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"காத்தால உங்க சிநேகிதரை நாலு பேரு தூக்கினாங்க" என்றேன். "சாயங்காலம் உங்களைத் தூக்கினாங்க. அவருக்கு வேற வழி இல்ல. உங்களுக்கு இன்னா கேடு?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்பதே உறைத்தது. அவர் காப்பியைக் குடித்து முடித்தார், டம்ளரைக் கீழே வைத்தார், படுத்துக்கொண்டார். நான் அடுப்படியில் போய் அழுதேன். இந்த மனுஷன் எனக்கு வேண்டும், உயிரோடு, சொந்தக் காலில் வேண்டும். அதை ஒழுங்காகச் சொல்லத் தெரியாமல் பிணத்தோடு சேர்த்துப் பேசிவிட்டேனே.

காலையில் ஸ்க்ரூடிரைவர் சத்தத்தில் எழுந்தேன். அவர் தரையில் உட்கார்ந்து நாற்காலியைக் கவிழ்த்துப் போட்டு மரக்கட்டைகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அப்புறம் நடந்ததெல்லாம் நன்றாகத்தானே இருந்திருக்கும் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்கு இந்த மனுஷனைத் தெரியாது. ஆமாம், செய்தார். கையை மார்பில் கட்டிக்கொண்டு, வீட்டுக் கூரையையே தலையில் தூக்குவதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு எழுந்தார், உட்கார்ந்தார். ஒவ்வொரு தடவையும் மராட்டியில் ஒரு கெட்ட வார்த்தை. அப்புறம் படி. முதலில் இரண்டாவது மாடி வரை இறங்கி ஏறினார். கூட வராதே என்று சொல்லிவிட்டார். நான் வாசலில் நின்று அவர் மூச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டிருப்பேன். நடுவே சத்தம் நின்றால் என் உயிரும் நின்றுவிடும்.

இதில் உதவி செய்ய வந்தவர்கள் தொல்லை வேறு. இரண்டாம் மாடி அம்மாள் பாவம் பார்த்து, பெரியவர் உட்கார்ந்து போகட்டும் என்று திருப்பத்தில் ஒரு ஸ்டூல் போட்டாள். நான் எடுத்து உள்ளே வைத்தேன். அவள் மறுபடி போட்டாள். நான் மறுபடி எடுத்தேன். கடைசியில் எங்கள் இருவருக்கும் பேச்சே இல்லாமல் போனது. கீழே பேப்பர் போடுகிறவர், காய்காரன், வாட்ச்மேன் எல்லோரும் இவரைக் கண்டால் கைகொடுக்க ஓடி வருவார்கள். வயசானவர் என்றால் நம் ஆட்களுக்குக் கை சும்மா இருக்காது. அவர்கள் கொடுக்கும் ஒவ்வொரு கையும் அவர் காலிலிருந்து பிடுங்கிக்கொள்வது என்று யாரிடம் போய்ச் சொல்வது.

மார்கழிக் குளிர் வந்தபோது தெரு முனைக் கடை வரை போய்த் தானே பால் வாங்கி வந்தார். எனக்குச் சந்தோஷம்தான். ஆனால் தொடை கொஞ்சம் கெட்டியானதும் அவருக்குத் தலையும் கெட்டியாகிவிட்டது. கப்பியைக் கழற்றி எறிந்தார். எங்களுடையதோடு விடவில்லை. மற்ற வீடுகளுக்கும் போய், இதனால் உங்கள் கால் போகும், கழற்றுங்கள் என்று உபதேசம் செய்தார். மாட்டியதும் நீங்கள்தானே என்று அவர்கள் கேட்டார்கள். அது அப்போது, இது இப்போது என்றார். படியில் எதிரே வரும் ஆண்களை நிறுத்தி, அந்த பிசியோதெரபிப் பெண் செய்த மாதிரியே தொடையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து உதட்டைப் பிதுக்குவார். ஆட்கள் இவர் செருப்புச் சத்தம் கேட்டாலே வீட்டுக்குள் போய்விடுவார்கள். பெண்களிடம் அப்படிச் செய்ய முடியாது, அதனால் அவர்கள் நடப்பதைத் தூர நின்று பார்த்துத் தலையை ஆட்டுவார். அது இன்னும் மோசம்.

என்னையும் விடவில்லை. நான் முட்டியை மடக்கும் விதம் தப்பாம், இப்படி ஏறினால் சீக்கிரம் தேய்ந்துவிடுவேனாம். அவர் கப்பி இழுத்துக்கொண்டு பால்கனியில் நின்ற காலமெல்லாம் தனியாகப் படி ஏறி இறங்கிப் பாங்கு வேலை, ரேஷன் வேலை, கரண்ட் பில் வேலை என்று எல்லாம் பார்த்தவள் நான். என்னிடம் வந்து படி ஏறுவது எப்படி என்று பாடம். எரிச்சலில் அன்றைக்கு ரசத்தில் உப்பை அள்ளிப் போட்டுவிட்டேன்.

பொங்கலன்று மகன் காரில் வந்தான். சத்தம் கேட்டதும் இவர் கீழே போய்விட்டார். அவன் கொண்டுவந்த கரும்புக் கட்டை இவரே வாங்கித் தோளில் வைத்துக்கொண்டு, கைப்பிடியைத் தொடாமல் மேலே ஏறி வந்தார். மூச்சு வாங்கியது. ஆனால் நிற்கவில்லை. பின்னாலேயே வந்த மகன் வாசலில் நின்று என்னைப் பார்த்தான். "சரிம்மா. நான் ஒண்ணும் சொல்லல. வீடு இருக்கட்டும்" என்றான்.

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. பொங்கலில் முந்திரியைக் கணக்குப் பார்க்காமல் வறுத்துக் கொட்டினேன். இனி இந்தப் பேச்சே எழாது, இந்த ஜன்னலில் நின்றபடியே வயசாகிப் போகலாம் என்று நினைத்தேன்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு எங்களை ஹிஞ்சவடிக்குக் கூட்டிக்கொண்டு போனான். அவன் குடியிருக்கும் கட்டடத்தில் கீழே ஒரு ஜிம் இருக்கிறது. மருமகள் இலை போடும்வரை சும்மா பார்த்துவிட்டு வருகிறேன் என்று இவர் இறங்கினார். இலை போட்டாயிற்று, அப்பளம் நமுத்துப்போயிற்று, ஆளைக் காணோம். பேத்தி போய்க் கூட்டிக்கொண்டு வந்தாள். முகமெல்லாம் வேர்வை. கல்யாணத்தில் என்னைப் பார்த்தபோதுகூட அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம் இருந்ததில்லை. காலால் எடையைத் தள்ளும் ஒரு மெஷின் இருக்கிறதாம். தள்ளத் தள்ள இரும்புத் தட்டுகள் எண்ணெய் போட்ட மாதிரி வழுக்கிக்கொண்டு போகின்றனவாம். அங்கே பயிற்சி கொடுப்பவனிடம் அதற்கு யார் சர்வீஸ் பார்க்கிறார்கள் என்று கேட்டு, அவன் முழித்ததும் தானே குனிந்து பார்த்திருக்கிறார். பாயசம் வரும் வரைக்கும் அதே பேச்சு.

பாயசத்தைக் குடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நான் இங்க வந்து இருந்துக்கலாம்னு பாக்கறேன்."

மகன் சந்தோஷத்தில் எழுந்தே விட்டான். நான் மட்டும் அவரைப் பார்த்தேன். விளையாட்டுக்குச் சொல்வதாகத் தெரியவில்லை.

"இன்னாத்துக்கு?" என்றேன்.

"கட்கில படி மட்டும்தான் கீது. அது தொடைக்கு ஆவும். முதுகு, தோளு, கையி, இதுக்கெல்லாம் இன்னா பண்றது? உடம்பைப் பாரு உடம்பைப் பாருன்னு நீதானே சொன்ன?"

அத்தனை பேர் முன்னால் வாயைத் திறந்தால் என்ன வருமோ என்று பயந்து பாத்திரங்களை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

திரும்பி வரும் வழியெல்லாம் சண்டை. மகன் பாவம், ரோட்டை மட்டும் பார்த்து ஓட்டினான். நான் வீட்டை விற்க மாட்டேன் என்றேன். யார் விற்கச் சொன்னது என்றார். நான் வர மாட்டேன் என்றேன். நீ இரு, நான் பதினைந்து நாள் அங்கே, பதினைந்து நாள் இங்கே என்று போய் வருகிறேன் என்றார். எப்படிப் போவீர்கள், அவனுக்கு வேலை இல்லையா, ஒவ்வொரு தடவையும் கார் வருமா என்று கேட்டேன். பஸ் இல்லையா, எனக்குக் கால் இல்லையா என்றார். அந்தக் காலைக் கொடுத்ததே நான்தானே.

தை பாதியில் ஒரு திங்கட்கிழமை கிளம்பினார். மகன் வாங்கிக் கொடுத்த ட்ராக் பேண்ட், தோளில் பை. பருப்புப் பொடியும் ஊறுகாயும் கட்டிக் கொடுத்தேன். போகாதீர்கள் என்று சொல்லத்தான் வாசல் வரைக்கும் வந்தேன். "பஸ்ல ஜன்னலோரம் உக்காராதீங்க, குளிரு" என்றுதான் வந்தது.

"வந்துருவேன்டி. வீடு எங்க ஓடிப் போவுது" என்று சொல்லிவிட்டு இறங்கினார். திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டாம் மாடி அம்மாளிடம் இரண்டு வார்த்தை பேசும் குரல் கேட்டது. அப்புறம் கீழ் கேட் சத்தம். பால்கனிக்கு வந்து பார்த்தேன். பஜார் கூட்டத்தில் நல்ல வேகமாக நடந்து போய்க்கொண்டிருந்தார். அவ்வளவு வேகம் வேண்டியதில்லை.

உள்ளே வந்து உட்கார்ந்தேன். சீரியல் போட்டேன், நிறுத்தினேன். இந்த வீட்டை விடக் கூடாது என்று எத்தனை மாதம் அந்த மனுஷனோடு மல்லுக்கட்டியிருப்பேன். அவர் இல்லாத வீட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஒரு நாள்கூட யோசித்துப் பார்க்கவில்லை.